எதற்காக உழைக்கிறோம்?



பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டு வந்தவர்களாகிய நாம், கொடுத்த வேலையை உண்மையாய்ச் செய்வதில் பெருமை கொள்கிறோம். அந்த உண்மை எதற்குத் துணைநிற்கிறது என்று ஆராய்ந்ததுண்டா?

மைல்ஸ் கியோ என்பவர் 1840-இல் அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்திலே, வாற்கோதுமை விளைவித்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். 20-ஆம் வயதில் இத்தாலிக்குச் சென்று போப்பின் படையில் சேர்ந்தார். 1862-இல் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனார்.

அப்பொழுது அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்து, வட அரசின் படையில் கியோ போரிட்டார். குதிரைப்படைத் தளபதி ஜான் பியூஃபோர்டுக்குத் துணை அதிகாரியானார். 1863 ஜூலை 1 அன்று, கெட்டிஸ்பர்க்கில், காலாட்படை வந்து சேரும்வரை எதிரியைத் தடுத்து நின்றது பியூஃபோர்டின் படையே. அவ்வாண்டு டிசம்பரில் அத்தளபதி காய்ச்சலால் மரித்தபோது கியோ அருகிலிருந்தார். 1864-இல் ஜார்ஜியாவில் சிறைப்பட்டுப் பின்பு விடுதலையானார். 1865-இல் போர் முடிந்தது. ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். அவர் பட்ட பாடு வீண்போகவில்லை.

1866-இல் 7-ஆம் குதிரைப்படையில் கேப்டனானார். பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டா மக்களுக்கே உரியது என்று 1868-இல் அமெரிக்க அரசு உடன்படிக்கை செய்திருந்தது. 1874-இல் அங்கே பொன் அகப்பட்டதும் அரசின் மனம் மாறிற்று. போர் மூண்டது. 1876 ஜூன் 25 அன்று, மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் நதியருகே, தளபதி கஸ்டரோடு கியோவும் மடிந்தார். அவருடன் நின்ற வீரர் எவரும் தப்பவில்லை. அவருடைய குதிரை கொமான்சி உடலெங்கும் காயங்களுடன் கண்டெடுக்கப்பட்டது.

அந்த நிலத்தைப் பறித்ததற்கு ஈடு கொடுக்கவேண்டுமென்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டா மக்களோ, நிலமே வேண்டுமென்று பணத்தை ஏற்க மறுத்தார்கள்.

கவனியுங்கள்: மனிதர் ஒருவரே, அவருடைய துணிவும் கீழ்ப்படிதலும் ஒன்றே. முதற்போரில் அவை அடிமைப்பட்டோரின் விடுதலைக்கு உதவின. இரண்டாவதில், தங்கள் நிலத்தைக் காத்தவர்களுக்கு விரோதமாயின.

நமக்குக் குதிரையுமில்லை, வாளுமில்லை. ஆயினும் நாம் எழுதும் கணக்கும், போடும் கையெழுத்தும், மேலதிகாரி சொன்னதால் செய்யும் காரியமும் உண்டு. உண்மையாய் உழைப்பது நல்லது. அந்த உழைப்பினால் யாருடைய வீடு வாழ்கிறது, யாருடைய வீடு இடிகிறது என்று கேட்டறிவது அதனினும் நல்லது.