தராசும் கம்ப்யூட்டரும் ஒரே பாஷை பேசட்டும்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருக்களில் மளிகைக் கடை முதல் பால்கோவா கடை வரை, எலெக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பில் போடுகிறவர்கள் உண்டு. எடை வர வேண்டிய இடத்தில் கிறுக்கல் வந்தால், "தராசு போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்பவர்களும் உண்டு. அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தராசின் முகப்பில் எடை சரியாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோளாறு தராசில் இல்லை. இரண்டும் பேசிக்கொள்ளும் முறையில்தான் இருக்கும்.

தராசு சீரியல் போர்ட் வழியாக எண்களைக் குறியீடாக அனுப்புகிறது. அனுப்பும் வேகம், ஓர் எழுத்துக்கு 7 பிட்டா 8 பிட்டா, பாரிட்டி எது, ஸ்டாப் பிட் எத்தனை என்ற நான்கும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். தராசு 9600 வேகத்தில் அனுப்பி, கம்ப்யூட்டர் 2400-இல் படித்தால் எல்லாமே கிறுக்கல்தான். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து, 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டுப்போனால், தராசு 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புவதைக் கம்ப்யூட்டர் 8 பிட்டாகப் படிக்கிறது என்று அறியலாம். பில்லிங் சாப்ட்வேரில் செட்டிங்கை மாற்றினால் போதும். தராசைத் திறக்கவே வேண்டாம். திறந்து அரசு முத்திரை உடைந்தால், மறுபடி முத்திரை வைக்க நாம்தான் அலைய வேண்டும்.

தமிழ்ப் பில்லிலும் இதே கதைதான். யூனிகோடு முறையில் 'அரிசி' என்ற சொல் பிரிண்டருக்கு 15 பைட்டாகப் போகிறது. தமிழ் அறியாத பிரிண்டர் அதை 15 தனித்தனிக் குறிகளாக அடித்துத் தள்ளும். பிரிண்டரை மாற்றுமுன், தமிழை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும் வசதி சாப்ட்வேரில் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் முறைகளையும், 2010-இல் யூனிகோடையும் ஏற்றது. பழைய முறையில் ஏற்றிய சரக்குப் பட்டியல் புதிய சாப்ட்வேரில் கிறுக்கலாகத் தெரிந்தால், மறுபடி டைப் செய்யக் கூலி கொடுக்காதீர்கள். எழுத்து மாற்றி புரோகிராம் இருக்கிறது.

விற்பவர்கள் சிலர் இந்த விவரங்களைச் சொல்வதே இல்லை. ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சார்ஜ் கொடுத்து அவர்களையே கூப்பிட வேண்டியிருக்கிறது. தராசு நம் காசில் வாங்கியது. அதன் செட்டிங் மட்டும் அவர்கள் பையில் இருப்பது நியாயமா? நான்கு விவரங்களையும் பில்லிலேயே எழுதித் தருபவரிடம் மட்டுமே தராசு வாங்குவது என்று நமது சங்கம் தீர்மானம் போட வேண்டும். தனிக் கடைக்காரர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். கடைத்தெருவே சேர்ந்து கேட்டால் தந்துதான் ஆக வேண்டும்.