பாராமலே ஏற்பதா?

திருப்பெரும்புதூரிலிருந்து கிண்டி நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இரவு ஷிப்டு முடித்துக் கண்சிவந்து வீடு திரும்பும் தோழர்களில் எத்தனை பேர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை அழைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழக வாயிலை மிதித்திருப்பர்?

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்த பொறியியற் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 2017 வரை நேரில் நடந்த கலந்தாய்வுக்குத் தகப்பன்மார் துணிப்பையும் சான்றிதழ்க் கட்டுமாக வந்தனர். கிண்டியில் இடம் கிடைக்காதவரும் கிண்டியைக் கண்டார். மரத்தடியில் அமர்ந்து, பக்கத்திலிருந்த வெளியூர்க்காரரிடம், "உங்க ஊர்க் கல்லூரி எப்படிங்க?" என்று விசாரித்தார்.

2018 முதல் எல்லாம் இணையவழி. ஒருநாள் கூலி மிச்சம், பேருந்துக் கட்டணம் மிச்சம், மறுப்பாரில்லை. ஆனால் அந்த மரத்தடி விசாரணை போயிற்றே! யாரோ சொன்ன வரிசையில் கல்லூரிக் குறியீட்டெண்கள் கணினியில் ஏறுகின்றன. கட்டடத்தை விளம்பரம் காட்டும்; ஆய்வுக்கூடத்து எந்திரம் ஓடுகிறதா, உறை போர்த்திக் கிடக்கிறதா என்று காட்டுமா?

ஒரு போல்ட்டைக்கூட கேஜ் வைத்துப் பார்க்காமல் ஏற்காத தொழிலாளி, நாலாண்டுப் படிப்பைப் பாராமலே ஏற்பதா?

நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. 2010இல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் வந்தது. போராடிப் பெற்ற இடத்தைப் போய்ப் பார்க்கவும் வேண்டாமா?

விருப்பப் பட்டியல் பதியுமுன், கிளைத் தோழர்கள் ஒரு வேன் அமர்த்தட்டும். கிண்டிக்கும், பட்டியலிலுள்ள மற்றக் கல்லூரிகளுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகட்டும். ஞாயிறு மட்டும் வேண்டாம், ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும்.