ஓஷின் நமக்குச் சொன்ன பாடம் பொறுமை மட்டும்தானா?

தொலைக்காட்சி நாடகம் என்றாலே பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அத்தகைய நாடகங்களை எழுதுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நல்லது.

ஜப்பானிய எழுத்தாளர் சுகாகோ ஹாஷிடா 1925இல் பிறந்தவர். 1949இல் ஷோச்சிக்கு திரைப்பட நிறுவனத்தில் திரைக்கதை எழுதச் சேர்ந்தார். பின்னர் அங்கிருந்து விலகித் தொலைக்காட்சிக்கு எழுதலானார். 1983இல் என்எச்கே நிலையத்துக்காக அவர் படைத்த 'ஓஷின்' 297 பகுதிகளாக ஓடியது. ஜப்பானில் சராசரியாக 52.6 விழுக்காட்டுப் பார்வையாளர்களைப் பெற்றது. 1984இல் சிங்கப்பூரிலும் ஒளிபரப்பாகி, பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. 1990இல் அவர் தொடங்கிய மற்றொரு குடும்பத் தொடர் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 2020இல் ஜப்பானின் பண்பாட்டு விருதைப் பெற்ற அவர், 2021இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்படும் ஏழைச் சிறுமிதான் ஓஷின். பனி மூடிய மலையில், படையை விட்டு ஓடி வந்த இளைஞன் ஒருவன் அவளுக்கு எழுத்தறிவிக்கிறான். பள்ளிக்கூடம் எட்டாத பிள்ளைக்கும் எழுத்து எட்ட வேண்டும் என்பதை இதைவிட அழகாக எந்தப் பாடநூல் சொல்லும்?

ஆயினும், 'ஓஷினைப் போல் பொறுத்துக்கொள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். இது அரைகுறைப் பாடம் என்பதே என் கருத்து. கதையின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். எண்பது வயதைக் கடந்த ஓஷின் இப்போது செல்வந்தர். பல கடைகளைக் கொண்ட குடும்பத்தின் தலைவி. புதிய கடையின் திறப்பு நாளன்று எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். வளர்ந்த வேகத்தில் தாம் எதைத் தொலைத்தோம் என்று தேடித் தம் பழைய ஊர்களுக்குச் செல்கிறார். துணைக்கு வருபவன் பேரன். ஏழைக்குப் பொறுமையைப் போதிக்கும் கதையன்று இது. வசதி பெற்றுவிட்டவர்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி.

அக்கேள்வி நமக்கும் உரியது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி நம்மைப் படிக்கவைத்த பாட்டிமார்களின் கதை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நாடகம் பார்க்காதே என்று தடுப்பதைவிட, நல்ல நாடகம் ஒன்றைப் பிள்ளையோடு அமர்ந்து பார்த்து, "நம் பாட்டி எப்படி வாழ்ந்தார் தெரியுமா?" என்று பேசத் தொடங்கலாம். அந்த உரையாடலை எந்தத் தேர்வும் அளக்காது. அதற்காக நாம் அதை விட்டுவிடலாகாது.

சிந்திப்போம்.