பறவையை மட்டும் எண்ணினால் போதுமா?

பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணும் வழக்கம் தமிழ்நாட்டில் 2015-ல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பார்த்ததை இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பறவை உட்கார்ந்திருக்கும் செடியை யார் குறித்து வைக்கிறார்கள்?

முதுமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணிச்செடியும், மஞ்சள் கொன்றை எனப்படும் சென்னா மரமும் அங்கே பரவிக் கிடக்கின்றன. (நம்ம சரக்கொன்றை என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு!) இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து அழகுக்காக வந்தவை. அவை அடர்ந்து மூடிய இடத்தில் புல் சரியாக வளர்வதில்லை. புல் இல்லையென்றால் மானுக்கு ஏது தீனி? சென்னாவை வெட்டினாலும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். எனவே ஒருமுறை அகற்றிவிட்டு "வேலை முடிந்தது" என்று எழுதிவிட முடியாது. வருடாவருடம் யாராவது பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கு நம்மைவிடத் தகுதியானவர்கள் அங்கேயே வாழும் குறும்பர், இருளர் போன்ற மக்கள்தான். அந்த வேலையைக் கூலி கொடுத்தே அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. நாம் சாலையோரத்தில் பார்க்கும் செடியைப் படம், தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட்டில் போடலாம். புதிதாக முளைத்த நாலு செடியைப் பிடுங்குவது சுலபம். அதுவே நாலு ஏக்கர் ஆன பிறகு?