சொல்லாமல் கொடுக்கும் குளிசை

நீரிழிவினால் பாதங்களில் ஓயாத எரிவு. வைத்தியர் கபாபென்ரின் எழுதித் தந்தார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்துக் கடையிலோ "வலிப்புக்கான குளிசை" என்றார்கள். எனக்கேது வலிப்பு? ஒரு வாரம் அதைத் தொடாமலே எரிவைச் சகித்தேன்.

பின்னரே அறிந்தேன்: பழுதுற்ற நரம்புகள் வீணே எழுப்பும் சமிக்ஞைகளை இம்மருந்து தணிக்கிறது. எல்லோருக்குமன்று. 2017 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வின்படி, இத்தகைய வலியுடைய 10 பேரில் 3 அல்லது 4 பேருக்கே வலி பாதியாகக் குறைகிறது. வெற்றுக் குளிசையிலும் 1 அல்லது 2 பேருக்குக் குறைகிறது. தூக்கமும் தலைச்சுற்றும் வரலாம். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டவேண்டும், திடீரென நிறுத்தலாகாது.

இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதாதா? அமெரிக்காவில் இதே மருந்தை அனுமதி பெறாத நோய்களுக்கும் சட்டவிரோதமாக விளம்பரப்படுத்திய வோர்னர்-லம்பேர்ட் நிறுவனம், 2004 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 430 மில்லியன் டொலர் செலுத்த இணக்கம் காணப்பட்டது. வணிகர் அளவுக்கு மீறிப் பேசினர். நம் வைத்தியர்களோ வாயே திறப்பதில்லை. இரண்டுக்கும் விலை கொடுப்பவன் நோயாளியே.

அன்பர்களே, மருந்துத் துண்டை வாங்கிய கையோடு எழுந்துவிடாதீர்கள். "இது எதற்கு? பலிக்காவிட்டால் என்ன செய்வது?" என்று கேளுங்கள். வைத்தியர் முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும், வலி உங்களுடையது.