பகிரும் முன் ஒரு நிமிடம்

2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கூரை இடிந்து விழுந்துவிட்டதாக ஓர் இணையத்தளம் செய்தி வெளியிட்டது. அதனுடன் ஒரு புகைப்படமும் இருந்தது. செய்தி விரைவாகப் பரவியது. காவல்துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் நிலைமையைக் கண்டறிய ஆள்களை அனுப்ப நேர்ந்தது. ஆனால், அங்கே கூரை இடியவில்லை. படத்தில் சரிந்ததுபோல் தெரிந்தது, அக்கட்டடத்தின் வடிவமைப்பே ஆகும்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழிக்கு இது தக்க சான்று. படம் உண்மையானது, அதனுடன் சேர்த்து எழுதப்பட்ட சொற்களே பொய்யானவை. பழைய வெள்ளத்தின் படத்தை இன்றைய வெள்ளம் என்பதும், வேறு நாட்டில் நடந்ததை நம் நாட்டில் நடந்ததாகக் காட்டுவதும் இவ்வகையே. ஆகவே, படம் இருப்பதாலேயே ஒரு செய்தியை நம்பிவிடக் கூடாது. அது எப்போது, எங்கே எடுக்கப்பட்டது, யார் வெளியிட்டது என்று கேட்க வேண்டும். நம்பகமான நாளிதழ்களோ அரசாங்க இணையத்தளங்களோ அதே செய்தியைத் தந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

பொய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் டுவிட்டர் தளத்தில் பரவிய செய்திகளை ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். உண்மையைவிடப் பொய்யே வேகமாகவும் பரவலாகவும் சென்றது. அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்று அவர்கள் கண்டறிந்தனர். வியப்போ அச்சமோ தரும் புதுச் செய்தியை உடனே பிறருக்குச் சொல்லத் துடிப்பது மனித இயல்பு. பொய்ச்செய்தி அந்த இயல்பையே பயன்படுத்திக்கொள்கிறது.

சிங்கப்பூரில் இணையவழிப் பொய்ச்செய்திகளுக்கு எதிரான சட்டம் 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. சட்டம் தேவைதான். எனினும், திருத்தம் வெளிவருவதற்குள் பொய் பலரைச் சென்றடைந்துவிடுகிறது. எனவே, பகிர்பவரின் பொறுப்பே முதன்மையானது. “நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்” என்பது போதுமான பதிலாகாது. நோய்க்கு மருந்தென்று வந்த தவறான குறிப்பை அன்போடு அனுப்பினாலும், அது கேடு விளைவிக்கக்கூடும்.

மாணவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் எழலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தாத்தாவோ அத்தையோ தவறான செய்தியை அனுப்பினால் என்ன செய்வது? பெரியவர்களைத் திருத்துவது மரியாதைக் குறைவு என்று எண்ணிப் பலர் அமைதியாக இருந்துவிடுகின்றனர். குழுவில் அனைவர் முன்னிலையிலும் குறை கூறுவதுதான் மரியாதைக் குறைவு. தனியாக அழைத்து, சரியான தகவலைக் காட்டிப் பணிவாக எடுத்துச்சொல்வது அக்கறையின் அடையாளம். தாம் நேசிப்பவர்கள் ஏமாறாமல் காப்பதும் மரியாதையே.