பி.டி. சாருக்கு ஒரு அசிஸ்டென்ட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலத்தான் இருக்கும். தமிழில் டைப் செய்வது எப்படி? ஆன்டி வைரஸ் எது நல்லது? பழைய பாட்டுகளை எந்த போல்டரில் வைப்பது? சில மாதங்களுக்கு முன் திருப்பூர் பல்லடம் ரோட்டில் பவர் டேபிள் யூனிட் நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இந்த வரிசையில் சேராது. அவருடைய மகன் கல்லூரி டீமில் பாஸ்கெட்பால் ஆடுகிறான். நாலைந்து மேட்ச்களை முழுவதுமாக செல்போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"ஏனுங் தம்பி, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா, யாரு எங்க தப்புப் பண்றான்னு காட்டற மாதிரி சாப்ட்வேர் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருக்கிறது. இலவசமாகவும் கிடைக்கிறது, விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் நான் சொன்ன பதில் வேறு. "சாப்ட்வேரை அப்புறம் பாத்துக்கலாமுங்க. முதல்ல உட்கார்ந்து எழுதறதுக்கு ஒரு ஆள் வேணுமுங்க." அவருக்கு இது பிடிக்கவில்லை. ஆள் வேலையைக் குறைக்கத்தானே கம்ப்யூட்டர் வாங்கினோம் என்று நினைத்திருப்பார். நியாயம்தான். இருந்தாலும் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே விளக்க விரும்புகிறேன்.

நம் ஊர்க் கல்லூரி டீமுக்கு கோச் யார்? பெரும்பாலான இடங்களில் உடற்கல்வி இயக்குநர், அதாவது பி.டி. சார். அவர் பாஸ்கெட்பாலுக்கு மட்டும் கோச் அல்ல. கபடி, வாலிபால், பூப்பந்து, அத்லெடிக்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும் நெட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியும் (அல்லது பிஎச்.டி.) அவருடைய பதவிக்கான தகுதி. எல்லா விளையாட்டையும் அறிந்தவராக அவர் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஒரே விளையாட்டில் கோச் ஆவதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுக் கழகம் அதற்கு டிப்ளமோ தருகிறது. அதை முடித்த ஒருவரைத் தனியாக நியமிக்கும் கல்லூரிகள் நம் பகுதியில் குறைவு.

அமெரிக்கக் கல்லூரி டீமின் பெஞ்ச்சைப் பாருங்கள். அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில், ஒரு பாஸ்கெட்பால் டீமுக்கு ஹெட் கோச் போக மூன்று அசிஸ்டென்ட் கோச்கள் என்று இருந்த வரம்பு 2023-ல் ஐந்தாக உயர்த்தப்பட்டது. இவர்களைத் தவிர உடற்பயிற்சிக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், பயணம், தங்கும் இடம் பார்க்க ஒருவர் இருப்பார்கள். பந்து எடுத்துப் போடவும் கணக்கு எழுதவும் மாணவர்களே மேனேஜர்களாக இருப்பார்கள். சம்பளமும் கொஞ்சநஞ்சமல்ல. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, கல்லூரி கோச்சுக்குத்தான். அதைக் காப்பியடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு உலகம்.

ஆனால் ஒரு விஷயம் வேடிக்கையானது. இந்த இரண்டு உலகங்களும் கிளம்பிய இடம் ஒன்றுதான். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடை இரண்டையும் 13 விதிகளையும் வைத்து இந்த விளையாட்டை உருவாக்கினார். அதே இடத்தில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பிசிகல் டைரக்டர் என்ற பெயரும் ஒய்.எம்.சி.ஏ. வழக்கத்திலிருந்து வந்ததே. அங்கே அந்த ஒற்றை ஆளைச் சுற்றி மேலும் மேலும் ஆட்கள் சேர்ந்து ஒரு படையே ஆகிவிட்டது. இங்கே அந்த ஒற்றை ஆள் ஒற்றை ஆளாகவே இருக்கிறார். (நெய்ஸ்மித்துக்கே கோச்சிங்கில் பெரிய நம்பிக்கை கிடையாது. அவர் கோச்சாக இருந்த கான்சாஸ் பல்கலைக்கழக டீம் 55 ஆட்டங்களில் வென்று 60-ல் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்!)

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு டி-ஷர்ட் எத்தனை பேர் கை மாறுகிறது? கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கட்டிங் மாஸ்டரே செக்கிங்கும் பார்த்து, அயர்ன் போட்டு, பெட்டியும் கட்ட வேண்டும் என்றால் ஷிப்மெண்ட் போகுமா? ஆனால் கல்லூரி மேட்ச்சில் பி.டி. சார் அதைத்தான் செய்கிறார். எந்தப் பையனுக்கு எத்தனை பவுல் என்று எண்ண வேண்டும், ஐந்தானால் அவன் வெளியே. டீம் பவுல் குவார்ட்டருக்கு நாலைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பாதியில் இரண்டு, அடுத்த பாதியில் மூன்று என்று இருக்கும் டைம்-அவுட்டை எப்போது கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு நடுவில் கால் பிசகியவனுக்கு ஸ்பிரேயும் அடிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஆட்டத்தை எப்போது பார்ப்பார்?

ஆட்டத்தைப் பார்க்கும் இரண்டாவது ஜோடிக் கண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம். 12 ஆண்டுகளில் 10 முறை அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் வென்ற யு.சி.எல்.ஏ. கோச் ஜான் வுடனைப் பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964-ல் வந்த முதல் பட்டத்துக்குக் காரணமான மைதானம் முழுவதும் நெருக்கும் தடுப்பாட்டம், அவருடைய அசிஸ்டென்ட் ஜெர்ரி நார்மன் வற்புறுத்திக் கொண்டு வந்தது. அந்த டீமில் முதல் ஐந்து பேரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் யாருமில்லை. அந்த சீசனில் 30 ஆட்டங்கள், முப்பதிலும் வெற்றி. ஹெட் கோச்சின் பக்கத்தில் உட்கார்ந்து "சார், இப்படிச் செய்து பார்க்கலாமே" என்று சொல்ல ஒருவர் இருந்தார். வுடனும் லேசுப்பட்டவரில்லை. தினமும் எந்த நிமிடம் என்ன பயிற்சி என்று சின்ன அட்டைகளில் எழுதி, அவற்றைப் பத்திரமாகவும் வைத்திருந்தவர். இன்று நாம் ஸ்பிரெட்ஷீட்டில் செய்வதை அவர் பேனாவால் செய்தார்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

புது கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். ஒரு ஷீட்டைத் திறந்து, ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்ச்சி என்று எழுதுங்கள். குவார்ட்டர், ஆட்டக்காரர், என்ன நடந்தது என்று மூன்று காலம் போதும். "என்ன நடந்தது" காலத்தில் இரண்டு பாயின்ட் ஷாட் விழுந்தது, விழவில்லை, மூன்று பாயின்ட் ஷாட் விழுந்தது, விழவில்லை, ரீபவுண்ட், பந்து பறிபோனது என்று சில சொற்கள் மட்டும் வரும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெயரை ஒரு இடத்தில் "கார்த்திக்" என்றும் இன்னொரு இடத்தில் "கார்த்தி" என்றும் டைப் செய்வார்கள். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். டேட்டா வேலிடேஷன் என்ற வசதியில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் மவுஸால் தேர்ந்தெடுத்தால் போதும், டைப் செய்யவே வேண்டாம். கடைசியில் கவுண்ட்இப்ஸ் என்ற பங்க்ஷன் யாருக்கு எத்தனை என்று எண்ணிக் கொடுத்துவிடும்.

வீடியோவைப் பார்க்க வி.எல்.சி. பிளேயர் போதும். பிளேபேக் மெனுவில் வேகத்தைக் குறைக்கலாம். கீபோர்டில் ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். முழு மேட்ச்சை ஒருவர் எழுதி முடிக்க ஒரு மாலை நேரம் ஆகும். இதைத்தான் ஆள் வேண்டும் என்று சொன்னேன்.

எழுதிய பிறகு என்ன தெரியும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். முதல் பையன் 15 முறை எறிந்து 6 இரண்டு பாயின்ட் ஷாட்களைப் போட்டான். 12 பாயின்ட். இரண்டாவது பையன் 8 முறை எறிந்து 4 போட்டான், அதில் 2 மூன்று பாயின்ட் ஷாட். 10 பாயின்ட். கைதட்டல் முதல் பையனுக்குத்தான். ஆனால் மூன்று பாயின்ட் ஷாட்டுக்கு அரை மடங்கு கூடுதல் மதிப்புக் கொடுத்து, எறிந்த எண்ணிக்கையால் வகுத்தால் முதலாமவனுக்கு 40 சதவீதம், இரண்டாமவனுக்கு 62.5 சதவீதம். டீன் ஆலிவர் என்பவர் 2004-ல் எழுதிய புத்தகத்தில் இதையும் சேர்த்து நான்கு விஷயங்கள் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்றார். ஷாட் போடும் திறன் (40 சதவீதம்), பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பது (25), ரீபவுண்ட் (20), ப்ரீ த்ரோ (15). அடைப்புக்குறியில் இருப்பது அவர் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த எடை.

மேலே சொன்ன காலங்களைப் படிக்கும்போதே சிலர் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை.

பல்லடம் ரோட்டுக்காரரின் மகனும் முதலாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நாலு மேட்ச்சை எழுதினார்கள். ஷீட்டைப் போட்டுக் கொடுத்தது நான். அதில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவனின் பெயர் பளிச்சென்று வந்தது. பாயின்ட் அதிகம் எடுக்காதவன். பெரும்பாலும் பெஞ்ச்சில் இருப்பவன். ஆனால் ஆடிய நிமிடங்களில் அவன் எடுத்த ரீபவுண்ட் டீமிலேயே அதிகம். அடுத்து வந்த போட்டிக்கான 12 பேர் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடினால்தான் பல்கலைக்கழக டீமுக்குத் தேர்வாளர்கள் கண்ணில் படலாம். பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு உதவும். கோவை அவினாசி ரோட்டில் பீளமேட்டில் அரை நூற்றாண்டைத் தாண்டி நடந்து வரும் பி.எஸ்.ஜி. கோப்பைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி டீம்களில் ஆடுபவர்கள் பந்தால் வேலை வாங்கியவர்கள். இரவு ஷிப்ட் செக்கிங் போய்விட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் ஒரு பையனுக்கு 12-ல் ஒரு பெயராக இருப்பது எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிண்ட் எடுத்துக் கொண்டு போய் பி.டி. சாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"நல்லா இருக்குங்க. ப்ரீ த்ரோ எங்கீங்க?"

எழுதவில்லை. ஆலிவரின் நாலாவது விஷயத்தைப் புத்தகத்தில் படித்தவன் நான், ஷீட்டில் விட்டவனும் நான்.

"இந்தப் பையன் ரீபவுண்ட் எடுப்பான்னு எனக்குத் தெரியுமுங்க. கடைசி ரெண்டு நிமிஷத்துல எதிர் டீம்காரன் வேணும்னே இவனைத்தான் பவுல் பண்ணுவான். இவன் ப்ரீ த்ரோ லைன்ல நின்னா கை நடுங்குது."

வீடியோவை மறுபடி ஓட்டி எழுதினோம். நாலு மேட்ச்சில் 11 எறிந்து 3 போட்டிருந்தான். சார் சொன்னது சரி. ஆனால் சாருக்கும் தெரியாத ஒன்று அதில் இருந்தது. பட்டியலில் இருந்த இன்னொரு பையன் 9 எறிந்து 3 போட்டிருந்தான். அவன் நன்றாக எறிகிறவன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எறியும் ஸ்டைல் அப்படி.

இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு பத்து எறிதலில் யாரையும் எடை போட முடியாது. எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஷீட்டை வைத்துப் பையன்களைத் திட்ட ஆரம்பித்தால், அடுத்த மேட்ச்சிலிருந்து யாரும் ஷாட்டே எறிய மாட்டார்கள், பாஸ் மட்டும் செய்து கொண்டிருப்பார்கள். பையன் அன்று இரவு ஷிப்ட் முடித்து வந்தானா, சாப்பிட்டானா என்பதற்கு எக்ஸெல்லில் காலம் கிடையாது. அது பி.டி. சாருக்குத் தெரியும். அதனால் கம்ப்யூட்டரே கோச் ஆகிவிடும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. அதே சமயம், "முப்பது வருஷ அனுபவம், எல்லாம் மனசுலயே இருக்கு" என்று சொல்பவர்களையும் நான் ஏற்கவில்லை. மனதில் இருப்பதை எடுத்துக் காட்ட முடியாது. சிபாரிசுக் கடிதத்தோடு ஒருவர் வந்து தன் பையனை டீமில் சேர்க்கச் சொன்னால், சாருக்குக் கைகொடுப்பது மேஜையில் இருக்கும் பிரிண்ட்தான்.

எனவே கல்லூரி நிர்வாகங்கள் புது ஜெர்சிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் (திருப்பூரில் அதற்கா பஞ்சம்!) டீமில் ஆடாத இரண்டு மாணவர்களை மேனேஜர் என்று நியமித்து, அவர்களுக்கும் சான்றிதழ் கொடுக்கலாம். பஸ் செலவையும் டீ செலவையும் தவிரச் செலவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெற்றோர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. வாரம் ஒரு மாலை அதைப் பையன்களுக்கு விடுங்கள். பைல் பெயரில் மேட்ச் தேதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வீடியோக்கள் இடத்தை அடைக்கும், அதனால் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பேக்கப். செல்போனைக் கையில் பிடித்துக் கொண்டு தன் மகன் பின்னாலேயே திருப்பாமல், மேல் படியில் ஒரே இடத்தில் நின்று மைதானம் முழுவதும் தெரியும்படி எடுங்கள்.

அந்தக் கல்லூரியில் இப்போது மாலையில் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் 20 ப்ரீ த்ரோ எறிய வேண்டும். ஒரு முதலாம் ஆண்டு மாணவன் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுகிறான், மறுநாள் ஷீட்டில் ஏற்றுகிறான். மூன்றாம் ஆண்டு மாணவன் 20-க்கு 7 என்று ஆரம்பித்து 12 வரை வந்திருக்கிறான். அடுத்த போட்டிக்கான பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. போன வாரம் பி.டி. சார் எனக்குப் போன் செய்தார். கபடி டீமுக்கும் இந்த மாதிரி ஒரு ஷீட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ரெய்டு, போனஸ், சூப்பர் டேக்கிள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் காலங்களை எழுதிக் கொண்டேன். எதையாவது விட்டிருப்பேன். சார் பார்த்துச் சொல்லுவார்.